சுவர் தாங்காது என்று நான் சொன்ன வீடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், டிசைன் போட வந்திருக்கும் இரண்டு தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் கடைக்கு வந்து உங்களிடம் பேசச் சொன்னார் முதலாளி. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனையோ வீடுகளில் சமையலறைக்கு அலமாரியும் மேடையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு. அளவெடுக்கிற டேப்பைப் பார்த்துக்கொண்டே பேசி முடித்துவிடுவேன். முட்டி போய், கீழ் அலமாரிக்குள் குனிந்து ஸ்குரூ முடுக்க முடியாமல் ஆனதால் இப்போது வீட்டோடு இருக்கிறேன். பத்தாவது படித்தவன் எழுத்து. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எந்த பிளைவுட் நல்லது, கீல் எப்படிப் போடுவது, சிங்க் ஓரம் தண்ணீர் இறங்காமல் எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் கடையில் இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம்மிடம் வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். இடம் பத்தவில்லை. சாமான் வைக்க அலமாரி வேண்டும், மேடை இன்னும் நீளமாக வேண்டும். நாமும் உடனே டேப்பை நீட்டிவிடுவோம். ஏன் பத்தவில்லை என்று கேட்க மாட்டோம். நானும் கேட்டதில்லை, கிரேஸ் வீடு வரைக்கும்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேரின் அப்பா கட்டியது. இரண்டு மகன்களுக்கும் கல்யாணம் ஆனதும் அவர் உயிரோடு இருக்கும்போதே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிவிட்டார். பெரியவர் தோல் தொழிற்சாலையில் வேலை. சின்னவர் பெயர் ஜான்சன், ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். பெரியவரின் மனைவி எஸ்தர், சின்னவரின் மனைவி கிரேஸ். ஓரகத்திகள் இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

சமையலறை முதலில் ஒன்றாக நீளமாக இருந்தது. சுவரோரம் கடப்பா கல் மேடை, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே கல். அந்தக் கல்லை வெட்ட மனசில்லாமல் அதன் மேலேயே நடுச்சுவரை எழுப்பிவிட்டார் அந்த அப்பா. நாலரை இஞ்சு செங்கல் சுவர். மேடைக்கு நேர் மேலே ஒரு ஜன்னல் அளவுக்குத் திறப்பு விட்டு, இரண்டு சிறிய மரக்கதவு போட்டார். கல் அந்தத் திறப்பின் அடியில் ஓடி அடுத்த வீட்டுக்குள் போனது. இந்தப் பக்கம் ஒரு கிண்ணத்தை வைத்துத் தள்ளினால் அந்தப் பக்கம் போய் நிற்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கிரேஸ் இங்கே கல்கல் பலகாரம் உருட்டித் தட்டோடு தள்ளிவிடுவாராம், எஸ்தர் அங்கே பொரித்தெடுப்பாராம். முறுக்குப் பிழியும் நாழியும் ஒன்று, பிரியாணி ஆக்கும் டேக்சா அண்டாவும் ஒன்று, கிரைண்டரும் ஒன்று. எந்த வீட்டுக்கு வேண்டுமோ அந்த வீட்டில் இருக்கும்.

நான் முதல்முறை அளவெடுக்கப் போனபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு சின்ன சமையலறையில் ஒரு கல்யாணத்துக்குத் தேவையான சாமான் அடைந்து கிடந்ததைத்தான் பார்த்தேன். டேக்சா தரையில் இருந்தது, அதன் மேல் ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. டேக்சாவுக்குள் இட்லிப் பானை, அதற்குள் முறுக்கு நாழி. கிரைண்டர் மேடையில் பாதியை அடைத்திருந்தது.

"எல்லாம் புதுசாண்ணா," என்றார் கிரேஸ். "ரெண்டு வருஷமா ஒண்ணொண்ணா வாங்கினது. அதான் நிக்கவே இடமில்ல."

அப்பா இறந்ததும் மாடிப்படி யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை. படி பெரியவர் பக்கம் தொடங்கிச் சின்னவர் பக்கம் முடிகிறது. அதிலிருந்து இருவருக்குள்ளும் பேச்சில்லை. சண்டை வந்தால் சாமானும் இரண்டாகும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று கிரைண்டரை நகர்த்திவிட்டு நான் டேப்பை நீட்டினேன்.

கிரேஸின் கணவர் கடையில் சொல்லிவிட்டுப் போயிருந்த திட்டம் இது: மேடைக் கோடியில், நடுச்சுவரை ஒட்டித் தரையிலிருந்து கூரைவரை ஓர் உயர அலமாரி. அதாவது அந்தத் திறப்பை மறைத்து.

நான் சுவரை அளந்துகொண்டிருக்கும்போது சின்னக் கதவு இரண்டு தடவை தட்டப்பட்டது. கிரேஸ் என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன். மறுபடி தட்டல். வேறு வழியில்லாமல் தாழ்ப்பாளைத் தள்ளினார். ஒரு வளையல் கை ஸ்டீல் கிண்ணத்தோடு உள்ளே நீண்டது.

"ஏய் கிரேஸு, இன்னா தூங்கிட்டியா? எவ்ளோ நேரம் தட்றது. வாழக்கா பொரிச்சேன், சூட்டோட துன்னு. உங்க வூட்டுக்காரு வந்தா ஒண்ணும் மிஞ்சாது."

"அக்கா, ஆளு இருக்காங்கக்கா."

கை அப்படியே நின்றது. பிறகு முகம் குனிந்து எட்டிப் பார்த்தது. "யாரு?"

"கிச்சன் அளவெடுக்க வந்த அண்ணா."

"ஓ, கிச்சன் மாத்தறியா. நல்லதுதான். அண்ணா, எங்க கொழுந்தன் சொல்றதெல்லாம் கேக்காதீங்க, அந்தாளு அடுப்பு மேல டிவி வெக்கச் சொல்லுவாரு." சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போதுதான் என் டேப் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். சிரிப்பு நின்றது. "இங்கியா வெக்கறீங்க?"

கிரேஸ் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "சரி, வாழக்கா ஆறிடும்," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கிரேஸ் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணா, இத வெளிய சொல்லிடாதீங்க. அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு தொறப்போம், வர்றதுக்குள்ள மூடிடுவோம். எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல."

"எனக்கெதுக்கும்மா," என்றேன்.

"இன்னொண்ணு கேக்கலாமா? இந்தச் சுவத்துல வேணாம்னு நான் சொன்னா, ஏன்னு கேப்பாரு. என்னால சொல்ல முடியாது. இங்க வெக்க முடியாது, சுவரு தாங்காதுன்னு நீங்க சொன்னா கேட்டுப்பாரு. வேலை தெரிஞ்சவங்க சொன்னா அவரு மறுத்துப் பேச மாட்டாரு."

உயர அலமாரி தரையில் நிற்பது. சுவர் அதைத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கிரேஸுக்குத் தெரியாது. ஜான்சனுக்கும் தெரியாது. கிண்ணத்தைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு நான் சரி என்றேன்.

சாயங்காலம் ஜான்சன் வந்தார். கெட்டிக்காரர், மரியாதையானவர். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"இன்னா மேஸ்திரி, எல்லாம் ஓகேவா?"

"மத்ததெல்லாம் ஓகே சார். அந்த நடுச்சுவத்துல மட்டும் வேணாம்."

"ஏன்?"

"கல்லு மேல நிக்கிற சுவரு சார். நாலரை இஞ்சுதான். அடியில அஸ்திவாரம் இல்ல. உயரமா ஒண்ணு நிறுத்தினா தாங்காது."

அவர் எழுந்து போய் விரல் கணுவால் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அப்ப இது டேஞ்சருன்றீங்களா?"

"டேஞ்சர்னு இல்ல சார். கொஞ்சம் வீக்கு."

அவருக்குப் பின்னால் நின்ற கிரேஸின் முகம் தெளிந்துவிட்டது. டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டுக் கொடுத்தார். அலமாரியை எதிர்ப்பக்கச் சுவரில் போடலாம் என்று படம் வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன். வண்டியில் வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமும் சரியாகப் பேசத் தெரியாதவன் அன்றைக்கு ஒரு நல்ல காரியத்துக்குப் பேசிவிட்டோம் என்று.

சில நாள் கழித்து ஜான்சன் போன் செய்தார். "மேஸ்திரி, அந்தச் சின்னக் கதவு ரெண்டையும் சேதமில்லாம கழட்டித் தரணும். நல்ல தேக்கு. வர்றீங்களா?"

போனபோது வாசலில் செங்கல் இறங்கியிருந்தது. மணல், சிமெண்ட், கொத்தனார். நடுச்சுவரைச் சமையலறையில் மட்டும் இடித்துவிட்டுத் தரையிலிருந்து ஒன்பது இஞ்சு சுவராக எழுப்பப் போகிறார்கள். திறப்பு கிடையாது. அதன் பிறகு முதலில் சொன்ன இடத்திலேயே உயர அலமாரி.

"நீங்க சொன்னது எவ்ளோ நல்லதாப் போச்சு," என்றார் ஜான்சன். "நான் பாட்டுக்கு வீக்கான சுவத்துல போய் வெச்சிருப்பேன். சுவரு பொதுவாச்சே, அந்தப் பக்கம் கேக்காம முடியாது. எங்க சர்ச்சுல ஒருத்தர்கிட்ட சொல்லி எங்கண்ணனைக் கேக்கச் சொன்னேன். சுவரு வீக்கா இருக்குன்னு கிச்சன்காரரே சொன்னாருன்னு. அவரும் உடனே கட்டிடலாம்னுட்டாரு. ரெண்டு வருஷத்துல நாங்க ஒத்துப்போனது இது ஒண்ணுதான்."

அவர் பெருமையாகச் சொன்னார். நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே கிரேஸ் பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அப்போதும் நேரம் இருந்தது. சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஆனால் எதைச் சொல்வது? சுவர் வீக் இல்லை என்றால், பிறகு ஏன் சொன்னாய் என்பார். அதற்குப் பதில் சொன்னால், இரண்டு வருடமாக அந்தப் பெண்கள் காப்பாற்றி வைத்திருந்ததை நான் வாசலில் போட்டு உடைத்தவனாவேன்.

"சார்," என்றேன். "ரெண்டு வூட்டு அம்மாவும்..."

"ஆங்?"

"தூசி ஜாஸ்தி வரும். ரெண்டு வூட்டு அம்மாவையும் பாத்திரத்தை மூடி வெக்கச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் மேஸ்திரி."

கதவுகளைக் கழற்றினேன். கொத்தனார் மெஷினை வைத்துக் கல்லைச் சுவரோரமாக அறுத்தார். பழைய கல், உள்ளுக்குள் எங்கோ ரேகை இருந்திருக்கிறது. அறுத்த இடத்தில் நிற்காமல் விரிசல் அந்தப் பக்கம் ஓடியது. எஸ்தரின் அடுப்புக்கு அடிவரை போய்விட்டது. அவர் அடுப்பைத் தூக்கித் தரையில் வைத்தார்.

ஆண்கள் வாசலில் மணல் சலிக்கிற இடத்தில் இருந்தார்கள். புழுதி கொஞ்சம் அடங்கியதும் எஸ்தர் திறப்பருகில் வந்து ஒரு மூடிய கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னிக்கு எங்க சமைப்ப? சாம்பார் இருக்கு. சோறு மட்டும் வெச்சிக்க."

"உங்க கல்லும் போச்சேக்கா."

"போனா போது. வுடு."

"அம்மா, நவுருங்க, செங்கல்லு வுழும்," என்றார் கொத்தனார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். அந்தக் கிண்ணம் கிரேஸ் பக்கம் தங்கிவிட்டது.

நான் வேலையை முடித்துக் கொடுத்தேன். நம் கடை வரவேற்பில் மாட்டியிருக்கிற படங்களில், ஐவரி நிறத்தில் கூரைவரை போகும் உயர அலமாரி ஒன்று இருக்கிறதே, அது அந்த வீடுதான். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதைக் காட்டி இதுமாதிரி வேண்டும் என்பார்கள். படத்தில் தெரியாதது என்னவென்றால், புதுச் சுவரின் தடிமனால் மேடை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்துபோனது. இடம் பத்தவில்லை என்று கூப்பிட்ட வீடு அது.

நீங்கள் இதை நினைவில் வையுங்கள். ஒரு வேலைக்காரன் வேலை சம்பந்தமாக ஒரு காரணம் சொன்னால், கேட்கிறவர் அதைச் சரிசெய்யத்தான் பார்ப்பார். சுவர் வீக் என்றால் சுவரைக் கெட்டியாக்குவார். இடம் ஈரம் என்றால் ஈரத்தை அடைப்பார். அது இயல்பு, அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. மனிதர்களுக்குள் இருக்கிற சங்கடத்தை மறைக்க வேலைக் காரணத்தைக் கடன் கொடுக்காதீர்கள். அன்று நான் ஜான்சனிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: "சார், வைக்கலாம், ஆனா சமையலறையில நாளெல்லாம் நிக்கிறது அம்மா. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க." அதில் பொய்யும் இல்லை, கிரேஸைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை. இந்த வாக்கியம் எனக்குத் தோன்றவே பல வருடம் ஆயிற்று. உங்களுக்குச் சும்மா தருகிறேன்.

பல வருடம் கழித்து, நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அந்த அலமாரியின் கீல் தொங்கிவிட்டது என்று கிரேஸ் கூப்பிட்டார். போனேன். மாடிப்படியில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜான்சன். இன்னொருவரின் மூக்கும் அதே மாதிரி இருந்ததால் அண்ணன் என்று தெரிந்தது.

"வாங்க மேஸ்திரி. இதான் எங்கண்ணன். அண்ணே, இவருதான் சுவரு வீக்குன்னு கண்டுபிடிச்சவரு."

"அப்படியா," என்று அண்ணன் எழுந்து எனக்கு வழிவிட்டார்.

அவர்களுடைய தங்கை மகள் கல்யாணத்தில் சமாதானம் ஆகிவிட்டதாம். படியைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

உள்ளே கீலைக் கழற்ற வேண்டி மேல்தட்டைக் காலிசெய்தேன். பின்னால் ஒரு ஸ்டீல் கிண்ணம். அடியில் எஸ்தர் என்று பெயர் வெட்டியிருந்தது. நான் அதைக் கையில் வைத்திருப்பதைக் கிரேஸ் பார்த்தார்.

"திருப்பிக் குடுக்கணும்ணா. வெறும் கிண்ணமா எப்படிக் குடுக்கறது, ஏதாவது செஞ்சா போட்டுக் குடுக்கலாம்னு வெச்சேன். அப்படியே இருந்துடுச்சு."

"இப்பதான் அண்ணன் தம்பி ராசியாயிட்டாங்களேம்மா."

"அவங்க ராசிதான். நாங்க சண்டையே போடலியே. ஆனா பாருங்க, வாசல் வழியா போறதுன்னா நைட்டியோட போக முடியுமா? புடவை கட்டணும், கதவு பூட்டணும். தெருவுல நாலு பேரு எங்க கிளம்பிட்டேன்னு கேப்பாங்க. ஒரு கிண்ணம் கொழம்புக்கு எவ்ளோ பேஜாரு. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு... கல்யாணம், சாவுன்னா பாத்துக்குவோம். நல்லாதான் பேசுவாங்க."

பிறகு அலமாரியின் பின்பலகையைத் தொட்டு, "அண்ணா, இப்ப இதுல ஒரு ஜன்னல் மாதிரி வெக்க முடியுமா? சின்னதா இருந்தா போதும். அவரும் இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றார்.

முடியும். ஒன்பது இஞ்சு சுவர், மேலே ஒரு சிறிய காங்கிரீட் பட்டை கொடுத்தால் தாராளமாக நிற்கும். அலமாரியில் இரண்டு தட்டை எடுத்தால் போதும். ஆனால் இந்த முறை நான் அவசரப்படவில்லை.

"அந்தப் பக்கமும் கேக்கணுமேம்மா."

"நீங்களே கேட்டுட்டு வந்துடறீங்களா? நான் கேட்டா அவங்க என் முகத்துக்காக சரின்னுடுவாங்க."

அன்று செய்திருந்த கேசரியை அந்தக் கிண்ணத்தில் போட்டு மூடிக் கொடுத்தார். நான் வாசலில் இறங்கித் தெரு வழியாக அடுத்த வாசலில் ஏறினேன்.

எஸ்தர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கிண்ணத்தைப் பார்த்ததும் சிரித்தார். "இது எங்க போச்சுன்னு தேடினேன். அவகிட்டயா இருந்துச்சு." கேசரியை வேறு பாத்திரத்தில் மாற்றினார், கிண்ணத்தைக் கழுவினார், துடைத்தார். அவர் சமையலறையிலும் இப்போது கிரானைட். வேறு கடை வேலை. கிரைண்டர், டேக்சா, முறுக்கு நாழி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கிண்ணத்தையும் அதன் ஜோடிக் கிண்ணங்களோடு அடுக்கி அலமாரியைச் சாத்தினார்.

நான் ஜன்னல் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தச் சுவரைப் பார்த்தார். டைல்ஸ் மட்டும்தான் இருந்தது. முன்னால் ஒன்றுமில்லை.

"அவதான் கேக்கச் சொன்னாளா?"

"ஆமாம்மா."

"பாவம்." கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார். "அவகிட்ட எல்லாம் இருக்குண்ணா. என்கிட்டயும் எல்லாம் இருக்கு. ஜன்னலு வெச்சி எதைத்தான் குடுத்து வாங்கறது? திரும்பவும் இடிக்கணும், தூசி... வேணாம்ணா. இப்படியே நல்லாதான் இருக்கு."

இரண்டு வாசலுக்கும் நடுவில் ஏழெட்டு அடி எடுத்து வைத்தால் போதும். அன்றைக்கு எனக்கு அது நீளமாக இருந்தது.

கிரேஸ் அடுப்பங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தார். "இன்னா சொன்னாங்கண்ணா?"

உங்களுக்கு மேலே அத்தனை எழுதினேனே, அத்தனையும் அப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் டேப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அவங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடி நான் சுவரைப் பாத்தேன்மா. ஓட்டை போட்டா தாங்காது."

அவர் சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். இந்த வார்த்தையை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"ஒம்போது இஞ்சு சுவராச்சே அண்ணா," என்றார் மெதுவாக.

நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டேன். நான் கீலை மாட்டிக் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்க்கும்வரை கிரேஸ் பக்கத்திலேயே நின்றார். பிறகு கீழே இறக்கி வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேல்தட்டில் அடுக்க ஆரம்பித்தார். கிண்ணம் இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே எதை வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.